கத்தி படாத தலை

அந்தப் பையன் முடியில யாரும் கை வெக்கக் கூடாதுன்னு பாஸ்டர்கிட்ட எத்தினி தபா சொல்லியிருப்பேன். "சரி மேரி, சரி மேரி, வெள்ளைக்காரங்ககிட்ட நான் சொல்லிடறேன்"ன்னு தலைய ஆட்டிக்கினு போய்ட்டாரு. அப்பாலயும் இப்பிடி ஆச்சுன்னா நான் போய் யாரைக் கேக்கறது?

யாரு முடி, இன்னா முடின்னு முதல்ல சொல்லிடறேன். எங்க ஊரு உத்திரமேரூருக்கு இந்தப் பக்கம், மானாம்பதி தாண்டி உள்ள போவணும். ஊரு ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவுல முத்துவேலு ஐயாவோட கழனி. அந்தக் கழனியில நடவு, களை, அறுப்பு எதுன்னாலும் காலனியிலேர்ந்து நாங்கதான் போவோம். நான் கல்யாணம் ஆயி வந்த நாளா அவங்க வூட்டு வேலைதான் எங்களுக்குச் சோறு. ஐயாவோட புள்ளை தினேஷ்குமாரு, அவன் பொண்டாட்டி இளவரசி. அந்தப் பொண்ணுக்கு மொதல்ல ரெண்டு கொயந்தையும் தங்கலை. ஒண்ணு வயித்துலயே போச்சு. இன்னொண்ணு பொறந்து மூணாம் மாசம் காய்ச்சல்ல போச்சு. அடுத்தது வயித்துல நின்னப்போ திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கினா. அஞ்சு வயசு வரைக்கும் புள்ளை தலையில கத்தி படாது, அஞ்சாவது வருசம் வைகாசி விசாகத்துக்கு மலைக்கு இட்டாந்து மொட்டை போட்டு, அந்த முடிய உனக்கே குடுத்துடறேன்னு. அப்பிடிப் பொறந்தவன்தான் கவினு.

இடுப்பு வரைக்கும் முடி அவனுக்கு. அம்மாக்காரி தெனம் எண்ணெ வெச்சு, ஒத்தைப் பின்னலா பின்னி, சேப்பு ரிப்பன் கட்டி வுடுவா. தெரியாதவங்க பொட்டைப் புள்ளைன்னுதான் நெனைப்பாங்க. ஊருல யாராச்சும் கிண்டல் பண்ணா முத்துவேலு ஐயா மொறைச்சிக்கினு நிப்பாரு.

மே மாசம் லீவுல எங்க சபையில பசங்களுக்கு விபிஎஸ்னு லீவு பைபிள் வகுப்பு நடக்கும். பாட்டு, கதை, வெளையாட்டு, மத்தியானம் சோறு. இந்த வருசம் பாஸ்டர் வேதகிரிக்குத் தெரிஞ்ச யாரோ மூலமா அமெரிக்காவுலேர்ந்து ஒரு டீமே வந்து எறங்கிச்சு. வாலாஜாபாத்துல தங்கிக்கினு தெனம் வேன்ல வருவாங்க. வேன் ஓட்டறது எங்க வூட்டுக்காரரு சாம்சன். சமைக்கறது நான். பேசறதுக்கும் நான்தான். பாஸ்டருக்கு ஜெபம் பண்ற இங்கிலீசு வரும், பேசற இங்கிலீசு வராது. நான் மெட்ராசுல ஒரு டாக்டரம்மா வூட்ல இருந்தப்போ கத்துக்கின ஒடைஞ்ச இங்கிலீச வெச்சிக்கினு, ஒரு கையில கரண்டி ஒரு கையில வெள்ளைக்காரின்னு ஓடிக்கினு கெடந்தேன்.

அந்த டீமுல பெத்தனின்னு ஒரு பொண்ணு. பத்தொம்பது வயசுதான். மத்தவங்க எல்லாம் சேர்ல குந்துவாங்க, இது மட்டும் மண்ணுல பசங்க நடுவுல குந்தும். மூக்கு ஒழுவற புள்ளைக்குத் தன் துப்பட்டாவாலயே தொடைச்சு வுடும். நான் வெச்ச ரசத்த டம்ளர்ல ஊத்திக் குடிச்சிட்டு இன்னும் கேக்கும். எனக்கு அது மேல ஒரு பாசம் வந்துடுச்சு. பொய் சொல்லக் கூடாது.

வெள்ளைக்காரி பேச்சைக் கேட்டா பேரனுக்கு இங்கிலீசு வரும்னு முத்துவேலு ஐயாவே கவினை அனுப்பச் சொன்னாராம். காலனி சபைக்கு ஐயா வூட்டுப் பேரனான்னு ஊருல எல்லாரும் வாயப் பொளந்தாங்க. மொத நாளு இளவரசி ஸ்கூட்டியில இட்டாந்து கேட்டுகிட்ட எறக்கி வுட்டா. உள்ள வரலை.

"மேரி, அடுத்த வாரம் விசாகம். அது வரைக்கும் இவன் முடியில யாரையும் கை வெக்க வுடாத. உன்னை நம்பித்தான் வுட்டுட்டுப் போறேன்."

"என் புள்ளை மாதிரி பாத்துக்கறம்மா, நீ போ"ன்னேன். சொன்னேனா இல்லியா? சொன்னேன். அந்த ஒரு வார்த்தைதான் என்னை அப்பால பிடிச்சு உலுக்கிச்சு.

நாலாம் நாளு. பின்னாடி கொட்டாயில எலுமிச்சம் சாதத்துக்குத் தாளிச்சிக்கினு இருந்தேன். சபை ஷெட்டுக்குள்ள ஒரே கைத்தட்டலு. சரி, எதுனா பாட்டுப் போட்டி போலன்னு வுட்டுட்டேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கைத்தட்டலு, பசங்க கூச்சலு. கடுகு தீயற வாசனை வந்துது, அடுப்ப அணைச்சிட்டு, கையத் தொடைச்சிக்கினே உள்ள போனேன்.

பெத்தனி முடி கழுத்தோட நிக்குது. இடுப்பு வரைக்கும் தொங்கின மஞ்ச முடிய வெட்டிப் போட்டிருக்கு. சரி, அதோட முடி, அது இஷ்டம். அதுக்கு முதுகைக் காட்டிக்கினு ஒரு பையன் நிக்கறான். கழுத்துக்கு மேல எலி கடிச்சாப்போல முடி. யாருடா இதுன்னு ஒரு நிமிசம் எனக்குத் தெரியவே இல்லை. அவன் திரும்பினான். கவினு. பெத்தனி கையில அந்தப் பின்னலு, சேப்பு ரிப்பனோட.

செவுத்தப் பிடிச்சிக்கினேன்.

பெத்தனி அழுதுக்கினே சிரிக்குது. ஓடியாந்து என்னைக் கட்டிப் பிடிச்சிக்கினு படபடன்னு சொல்லிச்சு. பாதி புரிஞ்சுது, பாதி மத்த பசங்க சொன்னாங்க. அன்னைக்குப் பாடமே அடுத்தவங்களுக்குக் குடுக்கறதைப் பத்தியாம். அவங்க நாட்டுல கேன்சர் வந்து முடி கொட்டிப் போன கொயந்தைங்களுக்கு டோப்பா செய்ய முடி குடுப்பாங்களாம். அதுக்குன்னே ரெண்டு வருசமா வளர்த்த முடியாம் அதுது. பசங்க முன்னாடியே வெட்டிக் காட்டலாம்னு வெட்டியிருக்கு. போன்ல அந்தக் கொயந்தைங்க படத்தையும் காமிச்சிருக்கு. உடனே கவினு எழுந்து போய் முதுகைக் காட்டிக்கினு குந்திட்டானாம். "நீ குடுக்கறியா?"ன்னு இது சைகையில கேட்டிருக்கு. தலைய ஆட்டியிருக்கான்.

பாவி மக, எங்க ஊருல தலையில கத்திரி வெக்கறதுக்கு முன்னாடி பெத்தவங்கள ஒரு வார்த்தை கேக்கணும்னு கூடவா தெரியாது? வெள்ளைக்காரங்க நாட்டுல முடின்னா முடி போலக்குது. இங்க ஒரு புள்ளை உசிரே அதுல தொங்கிக்கினு இருந்துது.

"பாஸ்டரே, இவங்ககிட்ட சொன்னீங்களா இல்லியா?"

பாஸ்டர் மொகம் வெளுத்துப் போச்சு. "பசங்க தலையில பேன் சீப்பு போடாதீங்கன்னு பொதுவா சொன்னேன் மேரி. வேண்டுதல்னு சொன்னா அவங்க தப்பா எடுத்துப்பாங்கன்னு..."

"நல்லா எடுத்துக்கினாங்க இப்போ."

அப்பறம் அவரு சொன்னாரு பாருங்க, அதுதான் எனக்கு இன்னைக்கும் தொண்டையில முள்ளு. டீமை வேன்ல ஏத்தி அனுப்பிடணுமாம். அவங்க வந்திருக்கறது டூரிஸ்ட் விசாவாம், அதுல ஊழியம் பண்ணக் கூடாதாம், போலீசு கேசுன்னு ஆனா சபையையே இழுத்து மூடிடுவாங்களாம். அதனால பேன் பார்த்தேன், தெரியாம வெட்டிட்டேன்னு நான் சொல்லிடணுமாம்.

"நீங்க வெட்டினீங்கன்னு சொல்லுங்களேன்."

"நான் சொன்னா மதம் மாத்தறான்னு வந்துடும் மேரி. உன்னை அவங்களுக்குத் தெரியும். ரெண்டு திட்டு திட்டுவாங்க, போயிடும். உன் குடும்பம் அவங்க நிழல்லதான இருக்கு."

"நிழல்ல இருக்கறதாலதான் சொல்றேன். நாளைக்கு அந்தக் கழனியில என்னைக் கால் வெக்க வுடுவாங்களா?"

சாம்சனைப் பார்த்தேன். எதுனா பேசுவாருன்னு. வேன் கண்ணாடிய துணி போட்டுத் தொடைச்சிக்கினே இருந்தாரு. அழுக்கே இல்லாத கண்ணாடி. வூட்டுக்கு வா, உனக்குக் கீதுன்னு மனசுக்குள்ள சொல்லிக்கினேன்.

டீமை வேன்ல ஏத்தினாங்க. பெத்தனிக்கு ஒண்ணும் புரியலை. ஒரு ஜிப் கவர்ல தன்னோட மஞ்ச முடியும் கவினோட கருப்புப் பின்னலும் ஒண்ணாப் போட்டு மடியில வெச்சிக்கினு குந்திருந்துது. நான் ஜன்னல்ல கைய வுட்டு அதைக் கேட்டேன். கவரை மாரோட அணைச்சிக்குது. சீக்கு வந்த கொயந்தைங்களுக்காம், அவனே குடுத்தானாம்.

"நோ மேடம். காட் ஹேர். மதர் ப்ராமிஸ். ஒன் பேபி டெட். டூ பேபி டெட். திஸ் பேபி..." அதுக்கு மேல எனக்கு இங்கிலீசு வரலை. வானத்தக் காட்டினேன், கவினைக் காட்டினேன், கையெடுத்துக் கும்பிட்டுக் காட்டினேன்.

அதுக்குப் புரிஞ்சுடுச்சு. மொகத்துல ரத்தமே இல்லை. வாயப் பொத்திக்குச்சு.

அதுக்குள்ள ஸ்கூட்டி சத்தம் கேட்டுச்சு.

இளவரசி கத்துவா, அடிப்பான்னு நான் நெனைச்சிக்கினு இருந்தேன். கேட்டுகிட்ட ஸ்கூட்டிய நிறுத்தினா. கவினு "ம்மா"ன்னு ஓடினான். அவன் தலையப் பார்த்தா. தடவிப் பார்த்தா. கழுத்துக்குப் பின்னாடி கைய வுட்டுத் தேடினா. அப்பிடியே மண்ணுல குந்திட்டா. என்னைத் திட்டியிருந்தா கூட தாங்கியிருப்பேன். ஒரு பார்வை பார்த்தா, அவ்வளவுதான். அப்பறம் போனை எடுத்து தினேஷ்குமாரைக் கூப்பிட்டா.

சாம்சன் வண்டிய எடுக்கறதுக்குள்ள டிராக்டர் வந்துடுச்சு. தெரு வாசல்ல குறுக்க நிறுத்திட்டாங்க. தினேஷ்குமாரு, முத்துவேலு ஐயா, பின்னாடியே பைக்குல ஊரு ஆளுங்க. ஒருத்தன் போனைத் தூக்கிப் பிடிச்சு வீடியோ எடுத்துக்கினே வரான். காலனி ஆளுங்க அவங்க அவங்க வாசல்ல நின்னு பார்க்கறாங்க, யாரும் கிட்ட வரலை. வேனுக்குள்ள ஆறு பேரு, கண்ணாடி ஏத்திக்கினு, அசையாம குந்தியிருக்காங்க.

"சாமி முடிய வெட்டி மதம் மாத்தறீங்களாடா?" வீடியோ எடுக்கறவன் கேட்டான்.

தினேஷ்குமாரு கையில டிராக்டர் ராடு. நேரா பாஸ்டர்கிட்ட போனான். "எவன் வெட்டினது?"

பாஸ்டர் என்னைப் பார்க்கவே இல்லை. "மேரிதான் தம்பி. பேனு கீதுன்னு தெரியாம..."

நான் ஒத்துக்கவே இல்லை. நான் சரின்னு சொல்லவே இல்லை. என் வாயிலேர்ந்து வர்றதுக்கு முன்னாடியே அவரு வாயால சொல்லிட்டாரு. எல்லார் கண்ணும் என் மேல திரும்பிச்சு.

"நீயாடி?" தினேஷ்குமாரு என் முன்னாடி வந்து நின்னான். அந்தப் புள்ளை பொறந்தப்போ முழுசா நாலு நாளு அவங்க வூட்டு வாசல்லயே கெடந்து துணி தொவைச்சிப் போட்டவ நான். "நீயாடி வெட்டின?"

ஆமான்னா எனக்கு அடி, வேலையும் போச்சு. இல்லைன்னா அந்த ராடு வேன் பக்கம் திரும்பும். உள்ள பத்தொம்பது வயசுப் பொண்ணு குந்தியிருக்கு, அதுக்கும் ஒரு அம்மா எங்கியோ இருப்பா. ஆனா ஒண்ணு, இளவரசி என்னைப் பார்த்துக்கினு இருந்தா. அவகிட்ட பொய் சொல்ல எனக்கு வாய் வரலை.

"நான் வெட்டலை. பாஸ்டர் பொய் சொல்றாரு. பாத்துக்கறேன்னு சொன்னேன், பாக்கலை. அது என் தப்பு. அதுக்கு என்னை இன்னா வேணா கேளு. ஆனா வெட்டினது நான் இல்லை."

"அப்போ எவ?"

நான் வேன் கதவுக்கு முன்னாடி போய் நின்னுக்கினேன். யோசிச்சுப் பண்ணலை, காலு தானா போச்சு. ராடை ஓங்கினான். கண்ணாடியத்தான் ஓங்கினான், ஆனா நடுவுல என் தலை இருந்துது.

பின்னாடி கதவு திறந்துது. உள்ள அவங்க லீடரு "பெத்தனி, நோ, நோ"ன்னு இழுக்கறாரு. இது கைய உதறிட்டு எறங்கிச்சு. ஜிப் கவரை ரெண்டு கையாலயும் ஏந்திக்கினு, இளவரசி முன்னாடி மண்டி போட்டுக்கிச்சு. கண்ணுலேர்ந்து தண்ணி கொட்டுது.

வெள்ளைக்காரி மண்ணுல மண்டி போட்டு அதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை.

"நான்தான் குடுத்தேன்"ன்னான் கவினு. அம்மா தோளைப் பிடிச்சிக்கினு சாதாரணமா சொன்னான், பென்சில் குடுத்த மாதிரி.

"யாருக்குடா குடுத்த?"ன்னு இளவரசி கேட்டா.

"முடி இல்லாத பாப்பாவுக்கு. அதுக்குக் காய்ச்சலு."

இளவரசி மொகம் போன போக்கு எனக்குத்தான் தெரியும். அவளோட ரெண்டாவது பாப்பா காய்ச்சல்ல போனப்போ துணி சுத்தித் தூக்கிக்கினு போனதை நான் பார்த்திருக்கேன்.

"போலீசுக்குப் போன் போடுங்க"ன்னு பின்னாடிலேர்ந்து யாரோ சொன்னான்.

"போலீசு வந்து முடிய ஒட்ட வெக்குமா?"ன்னா இளவரசி. புருசனைப் பார்த்து சொன்னா. "எனக்கு அது சாமிகிட்ட போய்ச் சேரணும். அது போய்ச் சேர்ற வரைக்கும் இவன் என் புள்ளை இல்லை, அந்த முருகன் புள்ளை. எனக்குக் கேசு வாணாம், முடிதான் வேணும்."

தினேஷ்குமாரு ராடை எறக்கினான். எல்லாரும் முத்துவேலு ஐயாவைப் பார்த்தாங்க. அவரு மீசைய நீவிக்கினாரு. "வெட்டின கையாலயே கொண்டாந்து உண்டியல்ல போடணும். விசாகத்தன்னைக்கு இவங்க மலைக்கு வரணும். வந்தா எல்லாம் சரியாப் போச்சு. வரலைன்னா நான் ஸ்டேசனுக்குப் போறேன்"ன்னாரு.

பாஸ்டர் குறுக்க வந்து, விக்கிரகக் கோயிலுக்கு விசுவாசி எப்பிடின்னு ஆரம்பிச்சாரு. நான் அவரைப் பார்த்த பார்வையில வாய மூடிக்கினாரு. பெத்தனிகிட்ட சொன்னேன்: யூ கம் டெம்பிள். யுவர் ஹேண்ட். புட் ஹேர். லீடரு வேன்லேர்ந்து என்னமோ நீளமா சொன்னாரு, அவங்க சர்ச்சு, போட்டோ, அப்பிடி இப்பிடின்னு. பெத்தனி அவரு பக்கம் திரும்பவே இல்லை. இளவரசியப் பார்த்து "யெஸ்"ன்னுச்சு.

டிராக்டர எடுத்தாங்க. முடிய இளவரசி வாங்கலை. "வெட்டினவங்ககிட்டயே இருக்கட்டும். நீ பாத்துக்கோ மேரி. இந்த தபாவாச்சும் பாத்துக்கோ"ன்னா.

மறுநாளு காலையில கவினுக்குக் காய்ச்சல்.

அந்தச் செய்தி காலனிக்கு வந்தப்போ நான் சோறு வடிச்சிக்கினு இருந்தேன். கஞ்சித் தண்ணி கையில கொட்டிச்சு, சூடே தெரியலை. உத்திரமேரூரு டாக்டர்கிட்ட காட்டியிருக்காங்க, வைரல்னு மாத்திரை குடுத்திருக்காரு. எறங்கும், மறுபடி ஏறும். ஊருல யாரும் வைரல்னு நம்பலை. நடவுக்குக் கூட வந்த பொம்பளைங்களே என்னைப் பார்த்தா பேச்ச நிறுத்திட்டாங்க. நான் அவங்க வூட்டு வாசலுக்குப் போய் நின்னேன். இளவரசி உள்ளருந்தே, "இப்போ வராத மேரி"ன்னா.

ஜெபம் பண்ணேன். ஆண்டவரே, இந்தப் புள்ளையக் காப்பாத்துன்னு. அப்பால யாருக்கும் தெரியாம திருத்தணிப் பக்கம் திரும்பியும் ஒரு வார்த்தை சொல்லிட்டேன். யாரு காதுல வியுந்தாலும் சரி, எனக்குப் புள்ளை பொயைச்சா போதும். சாம்சன்கிட்ட அந்த வாரம் நான் பேசவே இல்லை. "நான் இன்னா பண்ணியிருக்க முடியும்?"ன்னாரு ஒரு தபா. "எறங்கி என் பக்கத்துல நின்னிருக்கலாம்"ன்னேன். அவ்வளவுதான்.

பெத்தனி வராதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. அவங்க லீடரு ஏத்தி ஊருக்கே அனுப்பிடுவாருன்னு பாஸ்டரே சொன்னாரு, சந்தோசமா. நானும் பயந்துக்கினுதான் இருந்தேன். விசாகத்தன்னைக்கு விடியக்காலம் சாம்சன் வாலாஜாபாத்துக்குப் போனாரு. வேன் திரும்பி வந்தப்போ முன் சீட்டுல பெத்தனி. பச்சைச் சுடிதாரு, கழுத்தோட முடி, மடியில மஞ்சத் துணி முடிச்சு. ராத்திரி பூரா தூங்காத கண்ணு.

அதே வேன்லதான் எல்லாரும் போனோம். முத்துவேலு ஐயா, தினேஷ்குமாரு, இளவரசி மடியில கவினு, பெத்தனி, பின் சீட்டுல நான். கவினு உடம்பு அனலாக் கொதிக்குது. இளவரசி அவன் நெத்தியில கைய வெக்கறதும் எடுக்கறதுமா இருந்தா. வழியில ஒரு தபா வாந்தி எடுத்தான். தினேஷ்குமாரு திரும்பி பெத்தனியப் பார்த்தான், அப்பறம் என்னைப் பார்த்தான். இந்தப் புள்ளைக்கு எதுனா ஆனா எங்க ரெண்டு பேரையும் அந்த மலையிலயே வுட்டுட்டு வருவான்னு எனக்குத் தெரியும்.

மலையில கூட்டம்னா கூட்டம். காவடி, பால்குடம், தள்ளுமுள்ளு. மொட்டை போடற எடத்துல வரிசையில நின்னோம். மிச்சம் இருந்த முடிய வழிச்சாங்க. கவினு அழலை, துவண்டு போய் அப்பன் மடியில கெடந்தான். சந்தனம் தடவினாங்க. அப்பறம் உண்டியலாண்ட போனோம். பெத்தனி அந்த மஞ்சத் துணி முடிச்ச அவுத்துக் காட்டுச்சு. சேப்பு ரிப்பனோட அதே பின்னலு. மஞ்ச முடி ஒண்ணு கூட அதுல இல்லை. அஞ்சு நாளா குந்திக்கினு ஒவ்வொண்ணா பொறுக்கி எடுத்திருக்கு. இளவரசி கிட்டக்கப் போய்ப் பார்த்தா, தலைய ஆட்டினா. பெத்தனி கண்ண மூடிக்கினு, உதடு முணுமுணுக்க, அதை உண்டியல்ல போட்டுச்சு. யாரைக் கும்பிட்டுச்சோ, அது அதுக்கும் கும்பிட்ட சாமிக்கும்தான் தெரியும்.

இளவரசி தூணுல சாஞ்சிக்கினு அழுதா. அஞ்சு வருசம் அடக்கி வெச்ச அழுகை. கீழ எறங்கறப்போ கவினு இட்லி கேட்டான். தொட்டுப் பார்த்தேன், வேர்த்திருக்கு. மாத்திரையோ, மலையோ, எதுவோ. எனக்கு நெஞ்சுல இருந்த கல்லு எறங்கிச்சு. முத்துவேலு ஐயா பெத்தனிக்கு இட்லி வாங்கிக் குடுத்தாரு, சட்னி காரம்னு அவரே சர்க்கரை கேட்டு வாங்கி வெச்சாரு. எனக்கும் சாம்சனுக்கும் பொட்டலம் கட்டி வேனுக்குக் குடுத்து அனுப்பினாங்க.

ஊருக்குத் திரும்பினப்போ சாயங்காலம். வூட்டுக்குள்ள போவறதுக்கு முன்னாடி ஊரு செல்லியம்மனுக்கு ஒரு கற்பூரம் ஏத்தணும்னு கோயில் வாசல்ல வேனை நிறுத்தச் சொன்னாரு ஐயா. ஐயா வூட்டு ஆளுங்க எறங்கினாங்க. தினேஷ்குமாரு ஓடிப் போய் பெத்தனி பக்கத்துக் கதவைத் திறந்து பிடிச்சிக்கினு, "கம் மேடம், கம், அவர் டெம்பிள்"ன்னான். அன்னைக்கு ராடு தூக்கின அதே கை.

நானும் எறங்கக் காலைக் கீழ வெச்சேன். பழக்கதோசம். பெத்தனி வந்த நாளா அது போற எடத்துக்கெல்லாம் பின்னாடியே போய்க்கினு இருந்தேன்.

"மேரி, நீ வேன்லயே குந்தும்மா"ன்னாரு முத்துவேலு ஐயா. கோவமா சொல்லலை. வெத்திலை பாக்கு எங்க வெச்சன்னு கேக்கறாப்போல சொன்னாரு.

காலை உள்ள எடுத்துக்கினேன்.

பெத்தனி நின்னுடுச்சு. "மேரி, கம்"ன்னுது. நான் யூ கோன்னேன். "ஏன்? நீ கிறிஸ்டியன்றதாலயா?"ன்னு இங்கிலீசுல கேட்டுச்சு. நிஜமாவே தெரியாமத்தான் கேட்டுச்சு, அந்த மொகத்துல கபடம் இல்லை.

நீயும்தான் கிறிஸ்டியன்னு சொன்னேன். முடிய வெட்டினதும் நீதான். நான் எலுமிச்சம் சாதம் தாளிச்சிக்கினு இருந்தேன். இதெல்லாம் அதுக்குச் சொல்ல எனக்கு இங்கிலீசு இருந்துது. இருந்தும் மொத வார்த்தையோட நிறுத்திக்கினேன். அது என்னையும் கோயிலையும் மாறி மாறிப் பார்த்துது. கணக்குப் போடறது தெரிஞ்சுது. அதுக்குள்ள கவினு அது விரலைப் பிடிச்சு இழுத்தான். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கினே உள்ள போச்சு. அதைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு அழுகை வந்துது, கோவமும் வந்துது, ரெண்டும் ஒண்ணா வந்துது. சாம்சன் ஸ்டியரிங்க இறுக்கிப் பிடிச்சிக்கினு நேராப் பார்த்துக்கினு இருந்தாரு.

மணி அடிச்சுது. கொஞ்ச நேரத்துல இளவரசி தட்டோட வெளிய வந்தா. மொகம் பூரா வெளிச்சம் அவளுக்கு. வேன் ஜன்னலாண்ட வந்தா.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது மேரி. நீ இல்லாட்டி நான் இன்னா ஆயிருப்பேனோ."

"முடிஞ்சுதாம்மா? உனக்கு நான் குடுத்த வார்த்தை?"

"முடிஞ்சுது, முடிஞ்சுது. செவ்வாக்கெயமை மேலண்டக் கழனி நடவு. ஆளுங்கள இட்டுக்கினு வெள்ளன வந்துடு."

"இல்லம்மா. இனிமே நான் உங்க கழனிக்கு வர்றதா இல்லை. நூறு நாள் வேலை கீது, சமையல் கீது, எப்பிடியோ பொயைச்சிக்கறேன்."

சாம்சன் சட்டுனு என் பக்கம் திரும்பினாரு. இளவரசி தட்டைப் பிடிச்சிக்கினு அப்பிடியே நின்னா. என் மொகத்தப் பார்த்தா. பின்னாடி திரும்பி கோயில் வாசலைப் பார்த்தா. மறுபடி என்னைப் பார்த்தா, தலையக் குனிஞ்சிக்கினு உள்ள போய்ட்டா.

ஏன்னு அவ கேக்கலை. கேப்பான்னு காத்துக்கினு இருந்தேன்.